நல்ல கத்தி, குறைந்த காசு: எஃகு, பதம், கனம் பார்த்து வாங்கும் விதம்

போன ஆடித் தள்ளுபடியில் ‘டமாஸ்கஸ்’ கத்தி என்று ஒன்று வாங்கினேன். அடித்துக் காட்டிய விலை ரூ.7,999, எனக்குக் கிடைத்த விலை ரூ.1,499. கறுப்பு அட்டைப்பெட்டி, உள்ளே வெல்வெட் மெத்தை, கத்தி முழுக்க, ஆற்றில் தண்ணீர் வற்றும்போது மணலில் விழுமே அந்த மாதிரி அலையலையாக வரிகள். கும்பகோணத்தில் நாங்கள் நடத்துவது ஒரு சின்ன மெஸ். தினமும் ஐந்து கிலோ சின்ன வெங்காயம், அதற்கு மேல் அன்றைக்கு என்ன கூட்டோ பொரியலோ அதற்கான காய், எல்லாவற்றையும் காலை எட்டு மணிக்குள் நறுக்கியாக வேண்டும், அதனால் நல்ல கத்தி என்பது எனக்கு ஆசைக்கு வாங்குகிற சாமான் இல்லை. மூன்றாவது வாரம் பாத்திரம் தேய்க்கும் அக்கா கம்பிநாரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார், டமாஸ்கஸ் பாதி போய்விட்டது. வரிகள் எல்லாம் மேலே பொறித்த படம். அதற்குள் கூரும் போயிருந்தது, தக்காளித் தோலில் வைத்தால் வழுக்கியது. நாற்பது வருடமாக ஒரே அரிவாள்மனையில் உட்கார்ந்திருக்கும் என் பெரியம்மா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏண்டா தம்பி, கோலம் போட்ட கத்தியா வாங்கிட்டு வந்தே?” என்றார்.

அந்த எரிச்சலில்தான் கத்தியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உயர்ந்த ரகக் கத்தியை மலிவாக வாங்குவது என்றால் பெரிய தள்ளுபடியாகப் பார்த்துப் பிடிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தள்ளுபடி பெரும்பாலும் அடித்துக் காட்டுவதற்கென்றே எழுதிய விலையில்தான் நடக்கிறது. மலிவு எங்கே இருக்கிறது என்று தெரிய, முதலில் கத்திக்குக் கொடுக்கும் காசு எங்கெங்கே போகிறது என்று தெரிய வேண்டும். நான்கு இடத்துக்குப் போகிறது: எஃகு, அந்த எஃகுக்குக் கொடுத்த பதம், அதைத் தேய்த்து மெலிதாக்கிய வேலை, அப்புறம் அலங்காரம். காயை நறுக்குவது முதல் மூன்றும்தான். நாலாவதை விட்டுக்கொடுத்தால் விலை தானாக இறங்கும். பதத்தை விட்டுக்கொடுத்தால் மற்றதற்குக் கொடுத்த காசும் ஆற்றில் போட்டதுதான்.

எஃகிலிருந்து தொடங்கலாம். இரும்போடு கார்பன் சேர்ந்தால் எஃகு. கார்பன் கூடினால் கடினமாக்கலாம், கூர் நிற்கும். குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் சீக்கிரம் துருப்பிடிக்காது, அதைத்தான் எவர்சில்வர் என்கிறோம். 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடப்போய் இந்த வகைக்கு வந்து சேர்ந்தார், கடைசியில் அது கத்திக்குத்தான் முதலில் பயன்பட்டது. ஆனால் சாப்பாட்டுத் தட்டு எவர்சில்வரும் கத்தி எவர்சில்வரும் ஒன்றில்லை. தட்டு செய்கிற எவர்சில்வரில் கார்பன் மிகவும் குறைவு, அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. ‘முழுக்க எவர்சில்வர்’ என்று மட்டும் எழுதி, எந்த எஃகு என்று சொல்லாத கத்தியை நான் இப்போது கையிலேயே எடுப்பதில்லை.

எந்த எஃகு என்று சொல்லியிருந்தால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அது ரொம்பச் சுலபம். சீனக் கத்திகளில் 3சிஆர்13, 5சிஆர்15மோவி, 10சிஆர்15கோமோவி என்று எழுதியிருப்பார்கள். முன்னால் இருக்கும் எண் கார்பன், பத்தில் ஒரு சதவீதக் கணக்கில். சிஆர் என்பது குரோமியம், அடுத்த எண் அதன் சதவீதம். மோ என்றால் மாலிப்டினம், வி என்றால் வனடியம், கோ என்றால் கோபால்ட். ஆக 3சிஆர்13 என்றால் 0.3 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம், அதாவது துருப்பிடிக்காது, கூரும் நிற்காது. 5சிஆர்15மோவி கொஞ்சம் மேல். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் பெரிய கம்பெனிகள் பலவும் பயன்படுத்துகிற எக்ஸ்50சிஆர்மோவி15ம் கிட்டத்தட்ட இதே சேர்மானம்தான், 0.5 சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். 10சிஆர் என்று ஆரம்பித்தால் கார்பன் சுமார் 1 சதவீதம், இப்போது உயர்ரகத்துக்கு வந்துவிட்டோம். ஜப்பானில் டகேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் என்ற ஆலை உருக்கும் விஜி-10 எஃகும் இதே மாதிரிதான், சுமார் 1 சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம், கூடவே கொஞ்சம் மாலிப்டினமும் வனடியமும் கோபால்ட்டும். 10சிஆர்15கோமோவி என்பது அதைப் பார்த்துச் சீனர்கள் உருக்குவது.

இங்கேதான் முதல் மலிவு ஒளிந்திருக்கிறது. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்று ஒரு ஊர், கத்தித் தொழிலுக்கே பெயர் போனது. அங்கே 10சிஆர்15கோமோவியில் நல்ல கத்திகளும் செய்கிறார்கள், குப்பையும் செய்கிறார்கள். ‘ஜப்பானிய ஸ்டைல்’ என்று வாலைச் சுற்றாமல், சீனாவில் செய்தது, இந்த எஃகு, இந்தக் கடினம் என்று நேராக எழுதி விற்கிற கம்பெனி ஒன்று கிடைத்தால், அதே தரத்து ஜப்பான் கத்தியைவிட நிறையக் குறைவாகவே கிடைக்கும். சீன சாமான் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதும் ஜப்பான் என்றாலே கையெடுத்துக் கும்பிடுவதும் இரண்டுமே நமக்குக் காசு நஷ்டம்.

ஜப்பானில் எவர்சில்வர் அல்லாத எஃகும் உண்டு, ஷிரோகாமி, ஆவோகாமி என்று. வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று அர்த்தம், ஆலையில் எந்த நிறத் தாளில் சுற்றினார்களோ அதுவே பெயராகிவிட்டது. வெள்ளை ஏறக்குறைய சுத்தமான கார்பன் எஃகு, நீலத்தில் கொஞ்சம் குரோமியமும் டங்ஸ்டனும் சேரும். இரண்டும் சவரக்கத்தி மாதிரிக் கூராகும், இரண்டும் துருப்பிடிக்கும். நம் ஊர்ச் சமையலுக்கு இதில் ஒரு சிக்கல், வாழைக்காயும் வாழைப்பூவும் மாங்காயும் பட்டால் அலகு கறுத்துவிடும், காயும் கறுக்கும். அரிவாள்மனை வைத்திருக்கும் வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நறுக்க நறுக்க மோர்த்தண்ணீரில் போடுவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். நறுக்கியதும் துடைத்து வைக்கிற கை இருந்தால் கார்பன் எஃகு வாங்குங்கள். கழுவுகிற தொட்டியில் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போகிற வீடு என்றால் வேண்டாம்.

அடுத்தது பதம். எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து எடுப்பது. தோய்த்தவுடன் எஃகு கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் உடையும். இளஞ்சூடு அந்த முறைப்பைக் கொஞ்சம் இறக்கும். அதிரசத்துக்குப் பாகு வைப்பவருக்குத் தெரியும், இரண்டு நிமிடம் முன்னால் எடுத்தால் ஒன்று, பின்னால் எடுத்தால் வேறொன்று, வெல்லம் அதே வெல்லம்தான். எஃகும் அப்படித்தான், ஒரே விஜி-10ஐ இரண்டு பேர் வாங்கி ஒருவர் அருமையான கத்தியும் இன்னொருவர் பல்லுப் பல்லாகப் பெயர்கிற கத்தியும் செய்ய முடியும்.

பதத்தை அளக்க ராக்வெல் என்று ஒரு எண் இருக்கிறது. வைரக்கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் அலகில் அழுத்தி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போலத்தான். ஜெர்மன் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58, விஜி-10 என்றால் 60, 61, நீலத்தாளில் ‘சூப்பர்’ என்று ஒரு ரகம் உண்டு, அது 63க்கு மேலே போகும். எண் கூடக்கூடக் கூர் அதிக நாள் நிற்கும், ஆனால் எலும்பிலோ தேங்காயிலோ பட்டால் வளையாது, பெயர்ந்துவிடும். மண்சட்டி விழுந்தால் உடைகிறது, பித்தளைச் சொம்பு விழுந்தால் நசுங்குகிறது, எது தேவலை என்பது நீங்கள் எத்தனை தடவை கீழே போடுவீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் மெஸ்ஸில் உதவிக்கு இருக்கும் பையன் ஒருநாள் அவசரத்தில் ஜப்பான் கத்தியால் தேங்காய்ச் சில்லைக் கெல்லினான், கூர்முனையில் அரிசி அளவுக்கு ஒரு அரைவட்டம் காணாமல் போய்விட்டது. அதைத் தேய்த்துச் சமன்செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. முருங்கைக்காய், தேங்காய், கோழி எலும்பு, வஞ்சிரத்தின் நடுமுள், இதற்கெல்லாம் 56 எண் கத்தியோ வீட்டு அரிவாளோ போதும்.

சங்கடம் என்னவென்றால் பதத்தைக் கடையில் நின்று கண்ணால் பார்க்க முடியாது. பெட்டியில் எழுதிய எண்ணை நம்ப வேண்டும், அதாவது எழுதியவரை நம்ப வேண்டும். அதனால் பெயருக்குக் காசு கொடுப்பதில் இந்த ஒரு இடத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயரிலும் உஷார் வேண்டும். ‘சோலிங்கன்’ என்ற சொல்லுக்கு ஜெர்மனியில் 1938லிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு, அந்த வட்டாரத்தில் செய்யாததற்கு அந்தப் பெயரைப் போட முடியாது. ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்ற சொல்லுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பிரான்ஸின் ‘சபாத்தியே’ என்ற பெயரையோ பல தரப்பட்ட பல கம்பெனிகள் போட்டுக்கொள்கின்றன, அதனால் அந்தச் சொல் மட்டும் இருப்பதால் ஒன்றும் தெரியாது.

மூன்றாவது கனம், அதாவது அலகின் தடிமன். எனக்கு இதுதான் கடைசியில் புரிந்தது, நறுக்கும்போது கைக்கு முதலில் தெரிவதும் இதுதான். ஒரு தடித்த கேரட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி பாதி இறங்கியதும் ‘டக்’ என்று கேரட் தானாகப் பிளந்தால் கத்தி நறுக்கவில்லை, ஆப்பு மாதிரிப் பிளந்திருக்கிறது. கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குப் பின்னால் அலகு தடிமனாக இருந்தால் அப்படித்தான் ஆகும். மெல்லிய கத்தி சத்தமில்லாமல் அடிவரை போகும். ஜப்பானில் காய்க்கென்றே செய்கிற நாகிரி என்ற கத்தி இருக்கிறது, நீள்சதுரமாக, முனை இல்லாமல், சின்ன வெட்டுக்கத்தி மாதிரித் தெரியும். ஆனால் முதுகு 2 மி.மீ. சுற்றித்தான் இருக்கும், கூருக்குச் சற்று மேலே தாள் மாதிரி மெலிந்துவிடும். கூர்க்கோணமும் அப்படித்தான், ஜெர்மன் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி என்று வைத்தால் ஜப்பான் கத்திக்குப் பக்கத்துக்கு 15 போல. இவ்வளவு மெலிதாக்கினால் மெத்தென்ற எஃகு மடங்கிவிடும், அதனால்தான் எஃகும் பதமும் அதற்கேற்ப வேண்டியிருக்கிறது, மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ‘அடித்துச் செய்தது’ என்று சில கத்திகளைக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். தகட்டிலிருந்து வெட்டி எடுத்த கத்தி மட்டம் என்று அதற்கு அர்த்தமில்லை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்கிற பிளாஸ்டிக் பிடிக் கத்தி தகட்டில் வெட்டியதுதான், உலகம் முழுக்க ஓட்டல்காரர்கள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள். வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பவர் அதையும் ஒரு சாணைக்கல்லையும் வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம், ஒரு குறையும் வராது.

நிறுத்தாதவர்களுக்கு, அலங்காரம். இன்றைக்கு டமாஸ்கஸ் என்று விற்பது, நடுவில் வெட்டுகிற எஃகு ஒன்று, இரண்டு பக்கமும் மெத்தென்ற எஃகுகளை அடுக்கடுக்காக ஒட்டி அமிலத்தில் நனைத்து வரி வரவைத்தது. 33 அடுக்கு, 67 அடுக்கு என்பார்கள். அடுக்கு எத்தனை ஆனாலும் காயைத் தொடுவது நடு எஃகு மட்டும்தான். உண்மையானதா என்று பார்க்க ஒரு வழி, வரிகள் கூர்முனை வரைக்கும் வரக்கூடாது, ஓரத்தில் ஒரு விரற்கிடை முன்னாலேயே நின்று, அதற்குக் கீழே வெறும் எஃகு தெரிய வேண்டும். கூர் வரைக்கும் ஒரே டிசைன் ஓடி, அது இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தால் என்னுடைய கோலக் கத்திதான். (முழுக்க அடுக்கிலேயே செய்கிற கத்தியும் உண்டு, அது ரூ.1,499க்கு வராது.)

பழைய காலத்து டமாஸ்கஸ் வாள் வேறு சங்கதி. அது நம் பக்கத்து மூசைகளில் உருக்கிய உயர்கார்பன் எஃகுக் கட்டியில் அடித்தது, வரி எஃகுக்குள்ளேயே விளைந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலிருக்கும் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயம் கிடைத்தது, அந்த நொய்யல் காவிரியில் வந்துதான் சேர்கிறது. ஆங்கிலத்தில் அந்த எஃகை ‘ஊட்ஸ்’ என்பதற்கு நம் ‘உருக்கு’ அல்லது கன்னடத்து ‘உக்கு’ மூலம் என்பார்கள். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் வாங்கும் முன்னால் லண்டனில் ஒரு கத்திக்காரரோடு சேர்ந்து இதைத்தான் குடைந்துகொண்டிருந்தார். ஆகவே யாராவது ‘பழமையான டமாஸ்கஸ் முறை’ என்று விற்க வந்தால், காவிரிக்கரைக்காரனிடமே உருக்குக் கதையா என்று கேட்கலாம்.

சரி, காசு விஷயம். ஒரே கம்பெனி, ஒரே நடு எஃகு, ஒரே நீளம், ஒன்று வரிபோட்டது, ஒன்று மொட்டையாக. மொட்டைக் கத்தியின் விலை தெளிவாகக் குறைவாக இருக்கும், நறுக்குவதில் வித்தியாசம் தெரியாது. ஜப்பானின் நிகாட்டா மாகாணத்து டோஜிரோ கம்பெனியின் டிபி வரிசை தொடக்கக்காரர்களிடம் இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் அதுதான், உள்ளே விஜி-10, வெளியே எந்தப் பகட்டும் இல்லை. உலையிலிருந்து வந்த கறுப்பைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே விடுகிற கத்திகளும் உண்டு, மெருகு போடும் கூலி மிச்சமாவதால் பெரும்பாலும் விலை குறைவு, எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும்.

வெளிநாட்டு வழி நம் மாவட்டங்களில் எல்லோருக்கும் ஏதோ ஒரு விதத்தில் உண்டு. மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கம் சிங்கப்பூரில் ஆள் இல்லாத தெரு எது? என் நாகிரி என் தங்கை வீட்டுக்காரர் அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டுவந்ததுதான். முதல் விஷயம், செக்-இன் பெட்டியில் உறையோடு போட வேண்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்துக்கே தானம். இரண்டாவது, சிங்கப்பூரில் 2024லிருந்து ஜிஎஸ்டி 9 சதவீதம், சுற்றுலாப் பயணிகள் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கினால் கிளம்பும்போது அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன அம்மா தன் பாஸ்போர்ட்டைக் காட்டித் தானே வாங்கினால் லாபம், மாப்பிள்ளை வாங்கினால் முழு விலை. ஜப்பானுக்கே போகிறவர் இருந்தால் அங்கே 10 சதவீத நுகர்வு வரி, வெளிநாட்டுப் பயணிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. தபாலில் வரவழைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அனுப்பும் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து மலிவை விழுங்கிவிடும்.

இந்தியாவில் பெட்டியில் வருவதை வாங்கினால் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெளிநாட்டுச் சாமான் என்றால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். என் கோலக் கத்திப் பெட்டியில் ஒரு வரி கூட இல்லை, வெல்வெட் மட்டும்தான் இருந்தது. இறக்குமதியாளர் பெயர் இல்லாத ‘ஜப்பான் கத்தி’ எந்தத் தள்ளுபடியிலும் மலிவு கிடையாது. பழைய கத்தி வாங்குவதும் நல்ல வழிதான், ஓட்டல் மூடுபவர்களிடமும் ஊரை மாற்றிக்கொண்டு போகும் சமையல்காரர்களிடமும் கிடைக்கும். மேல்துரு தேய்த்தால் போய்விடும், குழிக்குழியாக அரித்திருந்தால் விடுங்கள். கத்தியின் கூர்ப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து வளைவு இருக்கிறதா என்றும், பாதி உயரத்துக்குத் தேய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சந்தோஷமான கொள்முதல் பாபநாசம் பக்கத்துப் பட்டறையில் நடந்தது. நம் பட்டறைகளில் அரிவாளுக்குப் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் எடுக்கிறார்கள், அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், மரம் வெட்ட அருமை, வெங்காயத்துக்கு மட்டம். அதைவிட உயர்ந்த எஃகு பழைய இரும்புக்கடையிலேயே கிடக்கிறது: தேய்ந்துபோன அரம். நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும், ஜப்பான்காரன் வெள்ளைத்தாள் என்று பெயர் வைத்து விற்பதற்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம். ரூ.60க்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் அதைச் சாணைச் சக்கரத்தில் ஒரு தொடு தொட்டார், தீப்பொறி கம்பி மத்தாப்பு மாதிரிக் கிளைகிளையாகச் சிதறியது. “ஒஸ்தி எஃகுதான் தம்பி. மட்ட இரும்பா இருந்தா கோடு கோடா ஓடும், பூ பூக்காது” என்றார்.

முதல் கத்தி எண்ணெயில் இறங்கியபோது ‘டிங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், குறுக்கே மயிரிழை விரிசல். அவருக்கு என்னைவிட வருத்தம். இரண்டாவது அரத்துக்கு உலையைச் சற்றுத் தணித்து, எண்ணெயையும் கொஞ்சம் சுட வைத்துக்கொண்டு, நிமிர்த்தி நேராக இறக்கினார், தப்பித்தது. அப்புறம் அலகை ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழுத்த தகட்டின் மேல் முதுகை வைத்துக் காத்திருந்தார். வெள்ளை அலகில் மெதுவாக ஒரு நிறம் ஏறிவந்தது, அறுத்துக் காயப்போட்ட புது வைக்கோல் நிறம். உடனே எடுத்துவிட்டார். “அரிவாளுன்னா நீலம் வரைக்கும் விடுவேன், அது வளையணும். இது காய்கறிக்குத்தானே” என்றார். ராக்வெல் இயந்திரம் எதுவும் அந்தக் கொட்டகையில் கிடையாது, எண் என்ன என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்த வைக்கோல் நிறம் 220 டிகிரியைச் சுற்றி வருவது, கத்திக்குச் சரியான இடம்.

அவரிடம் மன்றாட வேண்டியிருந்தது கனத்துக்குத்தான். மெல்லியதாகச் செய்தால் உடைந்துவிடும், ஊர் சிரிக்கும் என்று அவருக்குப் பயம். முதுகு 2 மி.மீ., கூர்ப்பக்கம் அட்டை மாதிரி என்று நாகிரியையே கையில் கொடுத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். பூவரசங்கட்டையில் பிடி, கூலி ரூ.500, நானாக நூறு சேர்த்துக் கொடுத்தேன். இதற்கும் சீசன் உண்டு. ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி மண்வெட்டியும் அரிவாளும் குவிந்து கிடக்கும்போது போய் நின்றால் யாரும் அரத்தைத் தொடமாட்டார்கள். பங்குனி, சித்திரையில் போங்கள், உலை சும்மா இருக்கும், பேசவும் நேரம் இருக்கும்.

மிச்சம் சாணைக்கல். கத்திக்கு என்று வைத்த காசில் கால் பங்கை இதற்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் பத்தாயிரம் ரூபாய்க் கத்தியும் தீட்டாவிட்டால் இரண்டு மாதத்தில் மொட்டைதான். தெருவில் சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள், சக்கரச் சூட்டில் மெல்லிய கூரின் பதம் இறங்கிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கார்போரண்டம் கல் பல் பெயர்ந்ததைச் சரிசெய்ய உதவும், அன்றாடத்துக்கு 1000 எண் தண்ணீர்க்கல் (தண்ணீரில் நனைத்துத் தீட்டுகிற கல், எண் கூடக்கூட நைசு) ஒன்று வேண்டும், அதற்கு மேல் 3000, 6000 எல்லாம் பிற்பாடு. கல்லை ஊறவைத்து, கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. தூக்கிப் பிடித்தால், 45 மி.மீ. அகலக் கத்திக்கு அது 15 டிகிரி, கிட்டத்தட்ட சுண்டுவிரல் கனம். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் விரலுக்கு ஒரு பிசிறு தட்டுப்படும், அது அடி முதல் நுனி வரை தட்டுப்பட்ட பிறகுதான் திருப்ப வேண்டும். எல்லோரும் தோற்பது அந்தப் பிசிறு வரும் முன்னால் அவசரப்பட்டுத் திருப்பித்தான். நறுக்குவது மரப்பலகையில்தான், கசாப்புக் கடையில் புளியங்கட்டை வைத்திருப்பது சும்மா இல்லை. கண்ணாடிப் பலகையும் கடப்பாக்கல் மேடையும் கூருக்கு எமன்.

ரூ.1,499 கத்தியை நான் தூக்கிப் போடவில்லை. கல்லில் கோணம் பழக அதைத்தான் எடுக்கிறேன். இப்போது அந்தப் பையனும் அதில்தான் பழகுகிறான், மிச்சமிருந்த வரியும் ஒரு பக்கம் சுத்தமாகப் போய்விட்டது.